லேப்டாப் ஆன் ஆகவில்லையா? கீழே அனுப்பும் முன் இங்கேயே பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரி மார்க்கெட் பக்கம் கம்ப்யூட்டர், லேப்டாப் பழுது பார்க்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். மழை பிடித்துவிட்டால் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் சொல்வது, "அக்கா, ஆன் ஆக மாட்டேங்குது" என்பதைத்தான். அதோடு பலர் சேர்த்துச் சொல்வது, "கீழே காட்டினோம், போர்டு போயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க." இந்த இரண்டாவது பேச்சைப் பற்றித்தான் எழுதுகிறேன். போர்டு என்றால் மதர்போர்டு, லேப்டாப்பின் எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பெரிய பலகை. அது போகாத எத்தனையோ லேப்டாப்புகள் போர்டு போனதாகச் சொல்லப்பட்டு பீரோவுக்குள் கிடக்கின்றன. அவற்றில் படிக்கிற பிள்ளைகளின் புராஜெக்டும், குடும்பப் போட்டோக்களும் இருக்கின்றன.

கீழே என்றால் எங்களுக்கு மேட்டுப்பாளையமும் கோவையும். ஒரு லேப்டாப்பைக் கீழே கொண்டுபோவது என்பது ஒரு நாள் கூலியை விடுவது. தேயிலை பறிக்கப் போகும் தாயோ, மார்க்கெட்டுக்குக் கேரட் ஏற்றும் தகப்பனோ அந்த நாளை விட்டுத்தான் மலைப்பாதையில் இறங்க வேண்டும். கொடுத்துவிட்டு வந்து, மறுபடி வாங்கப் போக வேண்டும். நடுவில் மரம் விழுந்தாலோ மண் சரிந்தாலோ அந்தப் பயணமும் தள்ளிப்போகும். அங்கே இருப்பவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. குவியும் மெஷின்களில் ஒவ்வொன்றையும் திறந்து நோண்ட அவர்களுக்கு நேரம் இல்லை; போர்டை மாற்றச் சொல்வது சுலபம். ஆனால் அதற்கு அவர்கள் சொல்லும் தொகையைக் கேட்டதும் பெற்றோர் லேப்டாப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு பேசாமல் பஸ் ஏறிவிடுகிறார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு பெண்ணின் லேப்டாப்பைச் சொல்கிறேன். பக்கத்து ஹட்டியை, அதாவது படுகர் ஊரைச் சேர்ந்தவள், அந்த வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிறவள். பவர் பட்டனை அழுத்தினால் ஒரு பொட்டு வெளிச்சம்கூட வரவில்லை. சார்ஜரைச் சுவரில் செருகினால் அதன் மேலுள்ள சின்ன லைட் எரிகிறது. மறுமுனையை லேப்டாப்பில் செருகிய உடனே அணைந்துவிடுகிறது. உள்ளே எங்கோ ஷார்ட் சர்க்யூட் இருக்கிறது, சார்ஜர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடுகிறது என்று அர்த்தம். இந்த அளவுக்குப் பார்த்துவிட்டுத்தான் கீழே "போர்டு ஷார்ட்" என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். நான் பின்மூடியைக் கழற்றினேன். சார்ஜர் செருகும் ஜாக் அந்த மாடலில் போர்டோடு ஒட்டியிருக்காது. தனியாக ஒரு வயரில் வந்து போர்டில் சொருகியிருக்கும். அந்த வயரைப் போர்டிலிருந்து உருவிவிட்டு சார்ஜரை ஜாக்கில் செருகினேன். அப்போதும் லைட் அணைந்தது. இணைப்பிலேயே இல்லாத போர்டு எப்படி ஷார்ட்டாகும்? ஜாக்கை வெளியே எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தால், நடு ஊசியைச் சுற்றி உப்புப் பூத்த மாதிரி வெள்ளையும் பச்சையுமாகப் படிந்திருந்தது. ஈரம் செய்த வேலை. புது ஜாக் போட்டதும் லேப்டாப் எழுந்துகொண்டது. போர்டு விலையோடு ஒப்பிட்டால் அந்த ஜாக்குக்கு ஆன செலவு ஒன்றுமே இல்லை.

எல்லா லேப்டாப்பும் இப்படிப் பிழைக்காது. உண்மையிலேயே போர்டு போன மெஷின்களும் வரத்தான் செய்கின்றன. ஆனால் அந்த முடிவுக்கு வருவதற்கு முன் வீட்டிலேயே, ஒரு ஸ்குரூவைக்கூடக் கழற்றாமல் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. அவற்றைத் தமிழில் யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதில்லை.

"ஆன் ஆகலை" என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னாலும் அதற்குள் மூன்று வேறு வேறு கோளாறுகள் இருக்கின்றன. ஒன்றில் லைட், ஃபேன் எதுவுமே வராது. இன்னொன்றில் லைட் எரியும், ஃபேன் ஓடும், ஸ்கிரீன் மட்டும் இருட்டாக இருக்கும். மூன்றாவதில் கம்பெனி லோகோ வரும், அதற்கு மேல் நகராது. கடைக்குக் கொண்டுபோகும்போது இந்த மூன்றில் எது என்று சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

எதுவுமே வரவில்லை என்றால் முதலில் சார்ஜரைப் பாருங்கள். வேறு பிளக் பாயிண்டில் மாட்டுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம், நேராகச் சுவரில் மாட்டுங்கள். சார்ஜரின் முதுகில் அவுட்புட் என்ற இடத்தில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். பழைய உருண்டை முனை சார்ஜர்களில் பெரும்பாலும் 19 வோல்ட்டோ அதை ஒட்டியோ இருக்கும். லேப்டாப்பின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட்டும் இதுவும் ஒத்துப்போக வேண்டும். முனை பொருந்துகிறது என்பதற்காக அண்ணனின் சார்ஜரை மாட்டிப் பார்ப்பது ஆபத்து. புதிய லேப்டாப்புகளில் யு.எஸ்.பி.-சி சார்ஜர் வருகிறது. அதில் போன் சார்ஜரும் நுழைந்துவிடும் என்பதால் பிள்ளைகள் அதை மாட்டிவிட்டுக் காத்திருக்கிறார்கள். லேப்டாப்புக்கு 45 வாட், 65 வாட் தேவைப்படும்போது 10 வாட் போன் சார்ஜர் அதை எழுப்பாது. சில போன் சார்ஜர்களில் பெரிய வாட் எழுதியிருந்தாலும் அந்த வேகம் அந்தக் கம்பெனி போனுக்கு மட்டும்தான். லேப்டாப்புக்குச் சிறு பங்குதான் கிடைக்கும். சரியான சார்ஜர்தான் என்றால், பேட்டரி அடியோடு இறங்கியிருக்கலாம். அரை மணி நேரம் சும்மா சார்ஜில் விட்டுவிட்டு அப்புறம் பட்டனை அழுத்துங்கள்.

அதற்கும் அசையவில்லையா? சார்ஜரைக் கழற்றுங்கள். மவுஸ், பென் டிரைவ், மெமரி கார்டு என்று செருகியிருக்கும் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பேட்டரி கழற்றக்கூடிய பழைய மாடலானால் அதையும் எடுங்கள். பிறகு பவர் பட்டனை முப்பது விநாடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். விட்டுவிட்டு, சார்ஜரை மட்டும் மாட்டி ஆன் செய்து பாருங்கள். இதை மந்திரம் மாதிரி சொல்கிறேன் என்று சிலர் நினைக்கிறார்கள். காரணம் இருக்கிறது. பவர் பட்டன், சார்ஜிங், ஃபேன், கீபோர்டு ஆகியவற்றைக் கவனிக்க லேப்டாப்புக்குள் தனியாக ஒரு சின்ன சிப் உண்டு. லேப்டாப் அணைந்திருக்கும்போதும் அது விழித்தே இருக்கும். கரண்ட் திடீரென்று போய் வரும்போது அது குழம்பி நின்றுவிட்டால், பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் கேட்காது. மிச்சமிருக்கும் மின்சாரத்தை வடிய விட்டால் அது புதிதாகத் தொடங்கும். எங்கள் ஊரில் கரண்ட் போய் வருவதற்கு மழைக்காலத்தில் கணக்கே இல்லை. அதனால் கடைக்கு வரும் லேப்டாப்பில் நான் முதலில் செய்வதும் இதைத்தான். செலவில்லாமல் கவுண்டரிலேயே உயிர்பெற்றுப் போகும் மெஷின்களைப் பார்க்கும்போது, இதற்காகவா இவர்கள் கீழே போய் வந்தார்கள் என்று நெஞ்சு கொதிக்கிறது.

கரண்ட் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். லோ வோல்டேஜ் வந்து லேப்டாப் எரிந்துவிட்டது என்று பலர் சொல்கிறார்கள். பெரும்பாலான லேப்டாப் சார்ஜர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். அதன் மேலேயே எழுதியிருக்கும். வோல்ட் இறங்குவதால் அவற்றுக்குப் பெரிய கேடு இல்லை. கேடு செய்வது, போன கரண்ட் திரும்ப வரும்போது எகிறும் ஒரு கணமும், இடியும்தான். கரண்ட் போனால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். திரும்ப வந்து பல்பு நிதானமாக எரிவதைப் பார்த்த பிறகு மாட்டுங்கள். இடி கேட்டால் பேட்டரியில் ஓடட்டும். பைக்காராவில் 1932-லேயே மின்சாரம் எடுத்த மாவட்டம் இது. இங்கே எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலும் ஹட்டிகளிலும் எர்த் வயர் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று கேட்பது அதிகமான ஆசை இல்லை.

ஈரம்தான் மலையில் லேப்டாப்புக்குப் பெரிய எதிரி. கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் ஜூனில் தொடங்கும் தென்மேற்கு மழை. குன்னூர், கோத்தகிரி பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை. 2019 ஆகஸ்டில் ஊட்டி அருகே அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். துணி காயாது, செருப்பில் பூஞ்சை பிடிக்கும், சுவர் வேர்க்கும். அந்தச் சுவரை ஒட்டிய கட்டிலுக்கு அடியில்தான் லேப்டாப் பையும் இருக்கிறது.

அப்புறம் மார்கழி, தை. ஊட்டியில் காந்தல், தலைகுந்தா பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி விழும் காலம். ராத்திரி முழுக்கத் தகரக் கூரைக்கு அடியில் சில்லிட்டுக் கிடந்த லேப்டாப்பை, காலையில் கணப்புப் பக்கத்திலோ ஹீட்டர் முன்னாலோ வைத்துச் சூடாக்கி ஆன் செய்கிறார்கள். இதைச் செய்யவே கூடாது. குளிரில் நடந்துவிட்டு டீக்கடைக்குள் நுழைந்தால் மூக்குக்கண்ணாடி எப்படி மூடிக்கொள்கிறதோ, அப்படித்தான் லேப்டாப்புக்குள் இருக்கும் ஒவ்வொரு உலோகத் துண்டின் மேலும் நீர் பூக்கும். அந்த நிலையில் கரண்ட் பாய்ந்தால் அரிப்பு பல மடங்கு வேகமாக நடக்கும். சில்லிட்ட லேப்டாப்பைப் பையிலிருந்து எடுக்காமல், ஜிப்பைத் திறக்காமல், அறைச் சூட்டுக்கு வரும்வரை விட்டுவிட வேண்டும். தொட்டால் குளிரக் கூடாது. அப்போதுதான் ஆன் செய்ய வேண்டும். உறைநிலைக்குக் கீழே போன பேட்டரியைச் சார்ஜ் போட்டால் அதன் ஆயுளும் கெடும், பாதுகாப்பும் கெடும்.

மழையில் நனைந்தாலோ, மேலே காபி கொட்டினாலோ, ஆன் ஆகிறதா என்று அழுத்திப் பார்க்கத்தான் எல்லோருக்கும் கை போகும். அந்த ஓர் அழுத்தத்திலேயே போர்டு போய்விடலாம். உடனே சார்ஜரைப் பிடுங்கி, ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, கவிழ்த்து வைத்து, கடைக்குக் கொண்டுவாருங்கள். அரிசிக்குள் புதைக்காதீர்கள். அரிசி வெளியே உள்ள ஈரத்தைத்தான் கொஞ்சம் இழுக்கும். சிப்புக்கு அடியில் போய் நின்ற சர்க்கரைத் தண்ணீரை அது ஒன்றும் செய்யாது. அரிசித் தூள் வேறு ஃபேனுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நின்றால், அல்லது லேப்டாப் மேஜையில் சமமாக உட்காராமல் ஆடினால், பேட்டரி வீங்கியிருக்கலாம். அதை அழுத்தவோ, குத்தவோ, சார்ஜ் போடவோ கூடாது. மற்றதையெல்லாம் நீங்களே பாருங்கள் என்று சொல்லும் நான், இதை மட்டும் தொடாதீர்கள் என்கிறேன்.

லைட் எரிகிறது, ஸ்கிரீன் இருட்டு என்றால் கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். அதன் லைட் மாறி மாறி எரிந்தால் லேப்டாப் உள்ளே உயிரோடுதான் இருக்கிறது. அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சை ஸ்கிரீன் மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்துகள் தெரிந்தால் ஸ்கிரீனின் பின் வெளிச்சம் மட்டும் போயிருக்கிறது. வீட்டு டி.வி.யில் ஹெச்.டி.எம்.ஐ. வயர் மாட்டிப் படம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் போர்டைப் பற்றி யாரும் பேச வேண்டாம். கேப்ஸ் லாக்கும் அசையவில்லை, பீப் பீப் என்று சத்தம் வருகிறது என்றால், அந்தச் சத்தம் எத்தனை முறை வருகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது பெரிய துப்பு. ஈரமான ஊரில் ராம் எனப்படும் மெமரித் தட்டின் காண்டாக்ட்டில் அழுக்குப் படிவது அடிக்கடி நடக்கிறது. கழற்றி, துடைத்து, திரும்ப அழுத்தி மாட்டினால் பல நேரம் சரியாகிவிடும். ஒன்று மட்டும்: ராம் கழற்றி மாட்டிய பிறகு, முக்கியமாகப் புது மாடல்களில், முதல் தடவை ஆன் ஆக ஒரு நிமிடமோ அதற்கு மேலோ ஸ்கிரீன் இருட்டாகவே இருக்கும். அது தன்னைச் சரிசெய்துகொள்ளும் நேரம். பதற்றத்தில் அணைத்துவிடாதீர்கள்.

லோகோ வந்து நிற்கும் மூன்றாவது வகையில் லேப்டாப்புக்கு நோய் பெரும்பாலும் உடம்பில் இல்லை. விண்டோஸிலோ, ஃபைல்கள் இருக்கும் டிஸ்க்கிலோ இருக்கும். இங்கேதான் பிள்ளைகள் அதிகம் இழக்கிறார்கள். "ஃபார்மட் போட்டுத் தர்றேன்" என்று சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிவிடுகிறார்கள். ஃபார்மட் என்றால் உள்ளே இருப்பதெல்லாம் போகும் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. விண்டோஸ் தொடங்கும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதை இரண்டு மூன்று முறை செய்தால், அது தானாகவே ரிப்பேர் திரைக்குப் போகும். அங்கே ஸ்டார்ட்அப் ரிப்பேர் இருக்கிறது; கடைசியாக வந்த அப்டேட்டை நீக்கும் வழி இருக்கிறது; அவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோட் இருக்கிறது. எதுவும் பலிக்கவில்லை என்றாலும் டிஸ்க்கைக் கழற்றி ஒரு யு.எஸ்.பி. பெட்டியில் போட்டு இன்னொரு கம்ப்யூட்டரில் ஃபைல்களைப் பெரும்பாலும் எடுத்துவிடலாம். பழைய ஹார்டு டிஸ்க்கில் டக் டக் என்று சத்தம் கேட்டால் திரும்பத் திரும்ப ஆன் செய்யாமல் நிறுத்திவிடுங்கள். ஓட ஓட இருப்பதும் போகும். முதலில் டேட்டா, அப்புறம் ரிப்பேர். எந்தக் கடையானாலும் இந்த வரிசையைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

புது விண்டோஸ் 11 லேப்டாப்புகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருப்பதும் உண்டு. பிட்லாக்கர் என்று பெயர். போர்டை மாற்றினாலோ, சில சமயம் ஒரு அப்டேட்டுக்குப் பிறகோ, நீலத் திரையில் 48 இலக்க எண் ஒன்றைக் கேட்டு நிற்கும். அந்த எண் இல்லாவிட்டால் நானும் திறக்க முடியாது, கோவையிலும் திறக்க முடியாது. லேப்டாப் நன்றாக ஓடும்போதே, லாகின் செய்த மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போய் அந்த எண்ணைப் பார்த்து, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கணக்கை யாரோ கடைக்காரர் தன் ஈமெயிலில் திறந்து கொடுத்திருந்தால் இன்றைக்கே உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். மூன்று வருடப் படிப்பு முழுவதும் பூட்டுக்குள் மாட்டிக்கொண்டு என் முன்னால் அழுத பையனுக்குச் சொல்ல என்னிடம் ஆறுதல் வார்த்தை இல்லை.

2011-ல் பிளஸ் டூ மாணவர்களுக்குத் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அந்த நாளில் கொடுத்த லேப்டாப்புகளில் சில இன்னமும் என் கடைக்கு வருகின்றன. அண்ணன் படித்ததில் தம்பி, தம்பி படித்ததில் தங்கை என்று வைத்திருக்கிறார்கள். பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. நேராகக் கரண்டில் ஓடுகிறது. தமிழக அரசின் 2025-26 பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி (டேப்லெட்) தரப்படும் என்று அறிவித்தார்கள். கொடுப்பது மிக நல்ல காரியம். எங்கள் லைன் வீட்டுப் பிள்ளைகளுக்கு வேறு வழியில் லேப்டாப் கிடைக்காது. ஆனால் கொடுக்கிற கையோடு மலைக்கென்று சிலவற்றையும் செய்ய வேண்டும்.

வாரண்டியில் இருக்கும் லேப்டாப்பை மாணவர்கள் கீழே சுமந்துபோகாமல், அந்தந்தத் தாலுகாவிலேயே ஒப்படைத்து வாங்க ஓர் இடம் வேண்டும். கல்லூரியே அந்த இடமாக இருக்கலாம். ஒப்படைக்கும்போது என்ன கோளாறு என்று கண்டார்கள், எதை மாற்றினார்கள் என்பதைத் தமிழில் எழுதிய சீட்டு கைக்கு வர வேண்டும். மாற்றிய பழைய பாகத்தையும் கண்ணில் காட்ட வேண்டும். மாணவரைக் கேட்காமல் ஃபார்மட் போடக் கூடாது. லேப்டாப் பெட்டிக்குள் ஆங்கிலத்தில் வரும் தடித்த புத்தகத்தோடு, நான் மேலே எழுதியவை போன்ற விஷயங்களை ஒரே தாளில் தமிழில் அச்சிட்டு வைத்தால் போதும். ஈரம் படாத தாளாக இருந்தால் இன்னும் நல்லது.

மாவட்டத்தில் உள்ள கல்லூரி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஜூனில் வகுப்பு தொடங்கும்போதே மழையும் தொடங்கிவிடும். முதல் வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், பிள்ளைகள் தங்கள் சார்ஜரின் வோல்ட்டைப் படிக்கவும், முப்பது விநாடிப் பட்டனை அழுத்தவும், பிட்லாக்கர் எண்ணை நோட்டில் எழுதவும் அங்கேயே கற்றுக்கொள்வார்கள். கோத்தகிரியிலும் குன்னூரிலும் எந்தக் கல்லூரி, எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் கடையை மூடிவிட்டு நான் வருகிறேன். திறந்து காட்டப் பழைய லேப்டாப்புகளையும் நானே கொண்டுவருகிறேன். காசு வேண்டாம்.

இப்படிக்கு,
லேப்டாப் பழுது பார்ப்பவர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.